திருத்தணிகைச் சீமையும் நம் தறிகளும்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து திருத்தணிகைக்குச் செல்லும் நம் குலத்தார், 365 படிகளையும் ஏறிச் சுவாமி தரிசனம் முடித்துக்கொண்டு, வடபுறத்து மதிலோரம் சற்றே நின்று, "அதோ தெரிவது ஆந்திர தேசம்" என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டிவிட்டு இறங்கிவிடுவது வழக்கம். அம்மலையின் வடக்கும் மேற்குமாகப் பரந்து கிடக்கும் சீமையிலேதான் அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, ராமகிருஷ்ணராஜுப்பேட்டை முதலிய நெசவூர்கள் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் நகரியும், ஏகாம்பரகுப்பமும், புத்தூரும் அத்தகையனவே. இத்தனை பழமையும், இத்தனை பெருமை வாய்ந்த மூர்த்தியும், புகைவண்டிப் பாதையும், இத்தனை ஆயிரம் தறிகளும் சூழ்ந்திருந்தும் திருத்தணிகை ஒரு பெரும் பட்டணமாக வளராமல் நின்றது ஏன்? நம் இல்லங்களிலே பேசப்படாத இக்கேள்வியைச் சிறிது ஆராயப் புகுகின்றேன்.

முதலாவதாக, இவ்வூரின் பழமை புராணத்தை மட்டும் பற்றி நிற்பதன்று. மலையின் அடிவாரத்து ஊரிலே வீரட்டானேசுவரர் ஆலயம் ஒன்று உளது. காவடி எடுப்போரில் நூற்றில் ஒருவர் அங்கே செல்வது அரிது. பல்லவ அரசருள் இறுதியில் ஆண்ட அபராஜிதவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவரால் கற்றளியாக எடுப்பிக்கப்பட்ட கோயில் அது. யானையின் முதுகு போன்ற பின்புறம் உடையது. அடுத்துள்ள வேலஞ்சேரியிலே 1977-ஆம் ஆண்டில் அபராஜிதனுடைய செப்பேடும், சோழன் முதற் பராந்தகனுடைய செப்பேடும் கிடைத்தன. பல்லவன் வீழ்ந்து சோழன் எழுந்த அக்காலத்தில் இரு வமிசத்தாரும் இச்சுற்றுப்புறத்தைக் கைவிடாது பேணினர் என்பதற்கு அவை சாக்ஷி. காரணமும் எளிதில் விளங்கும். காஞ்சியிலிருந்து வேங்கடத்திற்குச் செல்வோர் நகரி மலைத்தொடரை அணுகுமுன் தங்கவேண்டிய இடம் இது. தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடமே வடவெல்லை என்று நூலோர் கொண்டபடியால், இவ்வூர் எல்லையிலும் உள்ளே, எல்லைக்கும் அருகே என்னும் இரட்டை நிலையை அன்றே பெற்றுவிட்டது. அந்நிலை அதற்கு வாழ்வும் தந்தது, பின்னாளில் வருத்தமும் தந்தது.

நிலவளம் பெரிதன்று. நந்தியாறும், பள்ளிப்பட்டு வழியே ஓடும் கொசஸ்தலையாறும் மழைக்காலத்து ஆறுகள். மற்றபடி ஏரிப் பாசனமே கதி. ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் குடியானவன் கைகட்டி நிற்பான். இத்தகைய பூமியிலே நெசவு வேரூன்றியது வியப்பன்று. ஆற்றுப் பாசனத்து ஊரில் உழவு ஒன்றே ஆண்டு முழுதும் ஆளை வாங்கிக்கொள்ளும். மானாவாரிச் சீமையிலோ கைத்தொழில் இல்லாமல் அடுப்பெரியாது.

நம் குலத்தார் முருகவேளுக்குப் படைத்துணைவரான நவவீரரின் வழியினர் என்பது மரபு. அதன் ஞாபகமாகவே பல தலங்களிலே சூரசம்ஹாரத்தில் வீரபாகு முதலிய வேடங்களை நம்மவர் புனைகின்றனர். மரபு ஒருபுறம் இருக்க, சோழர் கல்வெட்டுகளில் தெரிஞ்ச கைக்கோளர் என்ற படைப்பிரிவினர் காணப்படுவது சரித்திர உண்மை. கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகத்திலே தறி போட்டு வாழ்ந்ததும், விஜயநகர காலத்தில் காஞ்சி, விரிஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் நெசவாளர் பல்லக்கும் சங்கும் விருதாகப் பெற்றதும் அத்தகையனவே. ஆகவே கோயிலூரே நெசவூராக இருப்பது தொண்டைமண்டலத்தின் பொதுவழக்கு. காஞ்சி அதற்குத் தலையாய உதாரணம்.

திருத்தணிகையிலோ வழக்கு வேறாயிற்று. கோயில் மலைமேல் நிற்க, தறிகள் பல காதம் தள்ளிச் சிற்றூர்களிலே சிதறின. இதற்கு ஜமீன் ஆட்சியே பெருங்காரணம் என்பது என் துணிபு. இச்சீமை நெடுங்காலம் கார்வேட்டிநகரம் ராஜுக்களுக்கு உட்பட்டிருந்தது. தணிகைக் கோயிலும் அவர்கள் பரிபாலனத்தில் இருந்ததுண்டு. பாளையக்காரராக இருந்து, 1801-ல் கர்நாடகம் கும்பினியார் வசமான பின்னர் ஜமீன்தாராக நிலைபெற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய தலைநகரோ மலைகளுக்கு அப்பால் இருந்தது. சந்தை வைத்து வரி பெறுவதற்காகப் பேட்டைகளை அமைப்பது அக்காலத்துச் சிற்றரசரின் இயல்பு. ராமகிருஷ்ணராஜுப்பேட்டை, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்னும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஜமீன் வாடை வீசும். பின்னது புகைவண்டி நிலையப் பலகையில் முழுமையாக எழுதப்பட்டு, இத்தேசத்திலேயே மிக நீண்ட நிலையப் பெயர்களுள் ஒன்றென்று பிரயாணிகளால் வேடிக்கையாகப் பேசப்படுவது. இப்பேட்டைகளிலே தெருக்கள் நீண்டு நேராக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். விடியற்காலையில் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு அவ்வளவு இடம் வேண்டும். ஊரின் வடிவத்தையே தொழில் வரைந்தது. தெருவை நம் பாட்டனார் அளந்தது முழக்கோலால் அன்று, பாவினால்.

பின்னர்ச் சென்னபட்டணம் எழுந்தது. 1639-ல் ஆங்கிலேயர் கடற்கரையிலே இடம் பெற்றதன் நோக்கம் துணி வாங்குவதே. உள்நாட்டு நெசவாளரைத் தம் அருகிலே குடியேற்றும்பொருட்டு 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்ததும் அதற்கே. அதுவரை காஞ்சியையும் வேங்கடத்தையும் நோக்கி வடக்குத் தெற்காக ஓடிய இச்சீமையின் போக்குவரத்து, அன்று முதல் கிழக்கே கடலை நோக்கித் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சீமையிலிருந்து வந்த ஆலைத்துணி நம் துணியின் விலையைக் கெடுத்தது. ஆலைநூலோ கைநூற்பைக் கெடுத்தது. நெய்பவன் எஞ்சினான், நூற்றவள் எஞ்சவில்லை. நூலும் கடனும் சென்னையிலிருந்து வரவேண்டியதாயிற்று. துணி விற்குமிடமும் அதுவே. இச்சீமையின் தண்ணீரும் அவ்வாறே ஆனது. கொசஸ்தலையாறு 1944-ல் பூண்டியிலே தேக்கப்பட்டுச் சென்னையின் தாகத்தைத் தணிக்கச் செல்கிறது.

இருப்புப்பாதை வந்த கதையும் கேட்கத்தக்கது. தென்னாட்டின் முதற்பாதை 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் திறக்கப்பட்டது. அதினின்றும் வடமேற்குப் பாதை பிரிந்து, திருத்தணிகை, புத்தூர், ரேணிகுண்டா வழியாகக் கடப்பை சென்று, 1871-ல் ராய்ச்சூரிலே பம்பாய்ப் பாதையோடு கூடியது. பிரிந்த இடம் அரக்கோணம். திருத்தணிகைக்கு அது ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். ஆயினும் இயந்திரங்கள் நின்றதும், தொழிலாளர் குடியேறியதும், கடைவீதி பெருகியதும் அங்கேயே. தெய்வம் வீற்றிருந்த ஊரை விட்டுப் பாதை பிரிந்த ஊர் பட்டணமாயிற்று. சிற்றூர், சந்தையூர், பேரூர் ஆகியவை ஒன்றுக்கொன்று இன்ன தூரத்தில் அமையும் என்று வால்ட்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1933-ல் அறுகோணங்களாக வரைந்து காட்டினார். சமவெளிக்குப் பொருந்தும் கணக்கு அது. மலையும் ஜமீனும் பாதைப் பிரிவும் குறுக்கிட்ட நம் சீமையை அவ்வறுகோணத்துள் அடைக்க முயன்றால் கோணல்தான் மிஞ்சும்.

இவ்வூரில் 1888-ல் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்ற வழியை நோக்கினும் இவ்வுண்மை புலப்படும். தந்தையார் ஜமீன் வருவாய் உத்தியோகத்தில் சிறு ஊழியர். திருத்தணிகையில் ஆரம்பக்கல்வி, 1896-ல் திருப்பதிப் பள்ளி, பின்னர் வேலூர், முடிவில் சென்னை. அடுத்த படிக்கு அடுத்த ஊர் என்றே அமைந்தது. எந்தப் படியும் பிறந்த ஊரில் இல்லை.

இனி எல்லை விஷயம். 1911-ல் வடாற்காட்டினின்றும் சித்தூர் ஜில்லா பிரிக்கப்பட்டபோது இச்சீமை அதனுட் சேர்ந்தது. மாகாணம் ஒன்றாயிருந்தவரையில் அதனால் விளைந்த கேடு அதிகமில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் அமைந்தபொழுது சித்தூர் ஜில்லா முழுதும் அதனோடு சென்றது. தணிகையும் சென்றது. திரு. ம. பொ. சிவஞானம் அவர்களும், திருத்தணிகை வழக்கறிஞர் திரு. கே. விநாயகம் அவர்களும் நடத்திய கிளர்ச்சியைப் பெரியோர் பலர் அறிவர். எல்லைப்புறச் சிற்றூர்களிலே திண்ணைதோறும் தமிழ் கற்பித்து மக்களை விழிப்பித்த ஆசிரியர் மங்கலங்கிழார் 1953-லேயே காலமானார். விளைவை அவர் கண்டிலர். பட்டாஸ்கர் அவர்களின் மத்தியஸ்தத்தின்பின் 1959-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிகைத் தாலூகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்கு ஈடாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரம் சென்றன. வெற்றி என்று கொண்டாடியதில் குற்றமில்லை. ஆனால் நெசவூர்களை நோக்கின், கோடு நம் வீடுகளின் ஊடே சென்றது. மாமனார் நகரியில், மருமகன் பொதட்டூர்ப்பேட்டையில். நகரியிலுள்ள தமிழ்நெசவாளர் பிள்ளைகள் தெலுங்கு கற்றனர். இங்குள்ள தெலுங்கு பேசும் சாலியர், தேவாங்கர் பிள்ளைகள் தமிழ் கற்றனர். ஒருவர் இழப்பைச் சொல்லுங்கால் மற்றவர் இழப்பையும் சொல்லுதல் நியாயம்.

ஏழாண்டு இங்கும் அங்கும் இழுபட்ட காலத்தில் நடந்தது மற்றொன்று. புதிய ஆந்திர ராஜ்யம் தென்கோடியில் தன் சர்வகலாசாலையைத் திருப்பதியிலே 1954-ல் நிறுவியது. தேவஸ்தானமோ 1930-களிலேயே தனிச் சட்டத்தின்கீழ் வந்து, கல்லூரிகளும் வைத்தியசாலைகளும் நடத்தும் வலிமை பெற்றிருந்தது. 2022-ல் அவ்வூர் ஜில்லாத் தலைநகரும் ஆயிற்று. திருத்தணிகை செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு தாலூகாவாகச் சேர்ந்து, 1997 முதல் திருவள்ளூர் ஜில்லாவில் ஒரு தாலூகாவாக இருக்கிறது. சுப்பிரமணிய சுவாமியின் திருநாமம் பூண்ட அரசினர் கல்லூரி ஒன்று கிடைத்தது, அது சிறிதன்று. எனினும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இவ்வூர் மக்கள் ஏறத்தாழ 45,000. திருப்பதியிலோ மூன்று லக்ஷத்திற்குச் சற்றே குறைவு. இரண்டும் மலைத்தலம், இரண்டும் ஒரே பாதையைச் சார்ந்தவை. யாத்திரிகர் கூட்டம் மட்டும் பட்டணத்தை ஆக்குவதில்லை. அவர்கள் தரும் காணிக்கை உள்ளூரில் எதுவாக மாறுகிறது என்பதே வேறுபாட்டைச் செய்கிறது.

தறிகளின் நிலைமைக்கு வருவோம். இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் கூட்டுறவுச் சங்கம் 1935-ல் தோன்றியபோது நம்மவர் பலர் தரகரின் பிடியினின்றும் விடுபட்டனர். பின்னர்க் குழித்தறிகள் குறைந்து விசைத்தறிகள் பெருகின. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தமிழ்நாட்டுத் தறிகளுக்கு வேலை தந்தது. 2006 முதல் விசைத்தறிக்கு ஓரளவு மின்சாரமும் இலவசமாயிற்று. கோட்டுக்கு அப்பாலுள்ள நம் உறவினருக்கு அவர்களுடைய அரசாங்கம் வகுத்ததே விதி. ஒரே பாட்டனாரின் பேரர் இருவர், ஒரே நூலை ஒரே வகைத் தறியில் நெய்தும், வேறு வேறு கணக்கில் லாபநஷ்டம் காண்கின்றனர். இதற்கிடையில் இளைஞர்கள் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குப் போகின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. சென்னையின் இழுப்பு 1734-லேயே தொடங்கியது. அன்று குடும்பத்தோடு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார்கள், இன்று தொழிற்சாலை பஸ்ஸில் போகிறார்கள்.

இவ்வளவும் எழுதுங்கால் எனக்குண்டாகும் கவலை ஒன்றே. சாசனமும் சட்டமும் அரசாங்கத்தாரிடம் பத்திரமாக இருக்கின்றன; நம் ஊர்களின் வரலாறோ பரண்களில் கிடக்கிறது. நூல்கடைப் பற்றுவரவு, மகமைக் கணக்கு, தெலுங்கில் எழுதிய ஜமீன் பட்டா, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தபோது வந்த நோட்டீசு, பாவடிக்கு விட்ட நிலத்தின் பத்திரம் ஆகியவை வீடு இடிக்கும்போது பழைய காகிதக்காரனுக்குப் போய்விடுகின்றன. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு அன்பர்களும், நகரி, புத்தூர் உறவினரும், இத்தகைய ஏடுகள் இருப்பின் மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, படியெடுத்து நம் சங்கக் காரியாலயத்திற்கு அனுப்புமாறு வேண்டுகின்றேன். தெலுங்கில் உள்ளவற்றைப் படித்துச் சொல்ல நகரியிலே நம்மவர் உளர்.