மூட்டையோடு திரும்பிப் போ!



தண்ணீர் லாரி ஒரு நாள் வராவிட்டால் நம் வாட்ஸ்அப் குழு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஒரு நகரத்துக்குச் சாலை, ரயில், படகுப் போக்குவரத்து எல்லாமே நின்றுபோனால்? 1948 ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினைச் சோவியத் படை அப்படித்தான் முற்றுகையிட்டது. ஆகாய வழி மட்டுமே மிச்சம். அந்த வழியாக ஒரு நகரத்தையே காப்பாற்றிய வேலையை முறைப்படுத்தியவர் அமெரிக்க விமானப்படைத் தளபதி வில்லியம் டன்னர். குண்டு போட்ட விமானிகளைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். இவர் மூட்டை சுமந்த விமானங்களின் தலைவர்.

டன்னர் 1906இல் நியூஜெர்சியில் பிறந்தார். 1928இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறி, பிறகு விமானி ஆனார். இரண்டாம் உலகப் போரில் அவருக்குக் கிடைத்த பெரிய சோதனை நம் நாட்டில்தான். பர்மா சாலை ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால், அசாமிலிருந்து இமயமலைப் பகுதியைத் தாண்டிச் சீனாவுக்கு விமானத்தில்தான் சரக்கு போனது. விமானிகள் அந்த மலைத்தொடரை 'ஹம்ப்' என்றார்கள். விபத்துக்குக் குறைவில்லை.

1944 செப்டம்பரில் பொறுப்பேற்ற டன்னர், தானே ஒரு விமானத்தை அந்த மலைகளுக்கு மேல் ஓட்டிப் பார்த்தார். அங்கே ஒரு விதி இருந்தது. 650 மணி நேரம் பறந்துவிட்டால் விமானி ஊருக்குத் திரும்பலாம். சீக்கிரம் வீடு போய்ச் சேர, பலர் தூக்கம் கெட்டு, நாலே மாதத்தில் கணக்கை முடித்தார்கள். டன்னர் அதை 750 மணி என்று உயர்த்தி, ஒரு வருடமாவது இருந்தாக வேண்டும் என்றும் சேர்த்தார். விமானிகள் திட்டினார்கள், 'சாட்டை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் விபத்து விகிதம் இறங்கியது. சரக்கோ ஏறியது: 1945 ஜூலையில் மட்டும் 71,000 டன்.

இனி பெர்லின். டன்னர் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மழை, தாழ்ந்த மேகம். டெம்பிள்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டித் தீப்பிடித்தது. அடுத்ததற்கு டயர் வெடித்தது. மேலே விமானங்கள் அடுக்கடுக்காய் வட்டமிட்டன. அவற்றில் ஒன்றில் டன்னரே இருந்தார். வானொலியில் உத்தரவு போட்டார்: காத்திருக்கும் விமானங்கள் எல்லாம் சரக்கோடு திரும்பிப் போகட்டும்.

ஊர் பசியோடு இருக்கும்போது மாவு மூட்டையைத் திருப்பி அனுப்புவதா என்று தோன்றும். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து காலம் கழித்த எனக்கு இதன் நியாயம் உடனே புரிந்தது. ஒருவருக்காக வரிசையை நிறுத்தினால், பின்னால் நிற்கும் ஐம்பது பேரின் நேரம் போகும். அன்றிலிருந்து அதுவே சட்டமானது. இறங்க ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் வந்த தளத்துக்கே திரும்ப வேண்டும். வடக்கு, தெற்கு வான்பாதைகளில் வரவு, நடுப்பாதையில் திரும்புதல். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். சிற்றுண்டியும் வானிலைத் தகவலும் விமானத்தின் அருகிலேயே வரும். விமானி அதை விட்டு நகரக் கூடாது.

1949 ஈஸ்டர் சமயத்தில் 24 மணி நேரத்தில் 12,941 டன் இறங்கியது, பெரும்பாலும் நிலக்கரி. மே 12 அன்று சோவியத் தரப்பு முற்றுகையை விலக்கியது. ஒரு குண்டு போடாமல் கிடைத்த வெற்றி. ஆனால் இலவசமாகக் கிடைக்கவில்லை; அந்த வேலையில் 101 பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்த ஆண்டே கொரியா. 1950 டிசம்பரில் சீனப் படை சூழ்ந்த மலைப்பகுதியில் பாலம் தகர்ந்து, அமெரிக்கப் படை சிக்கிக்கொண்டது. டன்னரின் விமானங்கள் பாலத்தின் எட்டு இரும்புப் பகுதிகளைப் பாராசூட்டில் இறக்கின. அதைக் கோத்துத்தான் அவர்கள் வெளியேறினார்கள். 1960இல் ஓய்வு பெற்ற டன்னர், 1983இல் காலமானார்.

தினமும் ஒரே வேலையை ஒரே மாதிரி, நேரம் தவறாமல் செய்பவரை யாரும் வீரர் என்று சொல்வதில்லை. நம் வளாகத்திலும் மோட்டார் போடுபவர், குப்பை எடுப்பவர் என்று அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் வராதபோதுதான் நமக்கு அவர்கள் நினைவு வருகிறது. வருகிற நாளிலும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.