மேயரும் பாதிரியாரும்

பிரெஞ்சு நாவல்களில் ஒரே கல்யாணம் இரண்டு இடத்தில் நடக்கும். ஃப்ளோபேரின் 'மதாம் போவாரி'யில் (1857) கல்யாண கோஷ்டி வயல் வழியே மேயர் அலுவலகத்துக்கு நடந்து போகிறது. மாதா கோயில் சடங்கும் முடிந்த பிறகுதான் பண்ணைக்குத் திரும்பி விருந்து. வாசகர்கள் விருந்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த நடைதான் மனசில் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுத் துயரம் இருக்கிறது.

1685-ல் பதினான்காம் லூயி, ப்ராடஸ்டண்டுகளுக்குப் பாதுகாப்பளித்து வந்த நாந்த் சாசனத்தை ரத்துச் செய்தார். பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் எழுதும் பதிவேடோ கத்தோலிக்கப் பாதிரியார் கையில். அவர் முன்னால் போய் நிற்க மனம் ஒப்பாதவர்கள் செவென் மலைப் பக்கங்களில் ஒளிந்து கூடித் தங்கள் போதகரைக் கொண்டு மணம் செய்துகொண்டார்கள். 'பாலைவனக் கல்யாணம்' என்று அதற்குப் பெயர். ஊரறிய இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் சட்டத்துக்கு மனைவியல்ல. அவள் பெற்றது முறையான பிள்ளையல்ல. புருஷன் கண்ணை மூடினால் தூரத்துப் பங்காளி ஒருவன் வந்து சொத்துக்கு வழக்காடலாம். எந்தக் கதாசிரியனும் இவ்வளவு கொடுமையாகக் கற்பனை செய்யமாட்டான்!

1787-ல் பதினாறாம் லூயியின் சாசனம் வந்தது. நீதிபதி முன்னிலையில் பதிந்துகொண்டால் போதும் என்றது. முன்பே மணந்து நரைத்துப்போன தம்பதிகளும் பதிவுசெய்து கொள்ளலாம். 1792 செப்டம்பர் 20-ந் தேதி புரட்சிச் சபை பதிவேட்டை எல்லோருக்குமாக நகரசபையிடம் ஒப்படைத்தது. அன்றுமுதல் சட்டத்துக்குத் தெரிந்த கல்யாணம் மேயர் முன் நடப்பதுதான்.

சர்க்கார் கல்யாணத்தையும் கோயில் கல்யாணத்தையும் பிரித்துவிட்டால், ஒரே பாலினத்தார் திருமணம் பற்றிய சண்டை ஓய்ந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டேன். பிரான்சில் பிரித்து 221 வருஷமான பிறகும், 2013-ல் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பாரிஸ் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். எந்தப் பாதிரியாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் தொட்டது மேயரின் ரிஜிஸ்தரை மட்டுமே. ஆனால் அந்தச் சட்டம் தத்துப் பிள்ளை உரிமையையும் தந்தது. குழந்தை என்ற பேச்சு வந்துவிட்டால், ரிஜிஸ்தர் வெறும் காகிதமாகவா இருக்கும்? மேலும், இரண்டு நூற்றாண்டில் மேயரின் மேஜைக்கும் ஒரு புனிதம் ஏறிவிட்டிருந்தது.

பிரித்ததில் லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவரவர் சபை நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைத்தது. 2013 மே 29-ந் தேதி, முதல் தம்பதி மொம்பெலியே நகரசபையில் மணந்துகொண்டார்கள். அதற்கு அருகிலுள்ள சேத் என்ற துறைமுகத்தில் 2015 மே மாதம் ஐக்கிய ப்ராடஸ்டண்டு சபை கூடியது. பாலைவனத்தில் மணந்தவர்களின் வாரிசுகள்! அத்தகைய தம்பதிகளை இஷ்டமுள்ள போதகர் ஆசீர்வதிக்கலாம், இஷ்டமில்லாதவருக்குக் கட்டாயமில்லை என்று ஓட்டெடுத்துத் தீர்மானித்தார்கள். கத்தோலிக்க சபை முடியாது என்றே நின்றது. மேயரின் ரிஜிஸ்தரில் இதனால் ஓர் எழுத்தும் மாறவில்லை.