கொடையாளர் பதிவேட்டின் மூன்று நூற்றாண்டுகள்

தொண்டு நிறுவனங்கள் இரண்டு கணக்குகளை வைத்திருக்கின்றன. முதலாவது பணக் கணக்கு: வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு. இரண்டாவது ஆட்களின் கணக்கு: கொடுத்தவர் யார், எப்போது கொடுத்தார், மறுபடியும் கொடுத்தாரா, கூட்டத்துக்கு வந்தாரா, கடிதத்துக்குப் பதில் எழுதினாரா. பணக் கணக்கைத் தணிக்கையாளர் பார்க்கிறார், அரசு பார்க்கிறது. ஆட்களின் கணக்கு நிறுவனத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது. ஆனாலும் நிறுவனம் அடுத்த ஆண்டும் நடக்குமா என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. அச்சிட்ட பட்டியலாகத் தொடங்கிய இந்தக் கணக்கு அட்டையாகவும் உலோகத் தகடாகவும் மாறி இன்று கணினித் தரவுத்தளமாக இருக்கிறது.

சந்தாதாரர் பட்டியல்

18ஆம் நூற்றாண்டுக்கு முன்பு இங்கிலாந்தில் அறப்பணிகள் பெரும்பாலும் உயில்களை நம்பி நடந்தன. செல்வர் ஒருவர் நிலமோ பணமோ எழுதிவைப்பார். அதன் வருமானத்தில் பள்ளியோ சத்திரமோ நடக்கும். 18ஆம் நூற்றாண்டில் பலர் கூடி ஆண்டுச் சந்தா கட்டி நிறுவனம் நடத்தும் முறை பரவியது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் முயன்று 1739இல் அரச சாசனம் பெற்ற லண்டன் இல்லமும், 1740இல் தொடங்கிய லண்டன் மருத்துவமனையும் இப்படிப் பலருடைய பணத்தில் வளர்ந்தவை.

உயில் எழுதியவரிடம் மறுபடி கேட்க வழியில்லை. சந்தாதாரரிடமோ ஆண்டுதோறும் கேட்டாக வேண்டும். அதனால் பெயர், தொகை, கட்டிய நாள், பாக்கி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஆண்டறிக்கையின் பின்பகுதியில் சந்தாதாரர்களின் பெயரும் தொகையும் அச்சாயின. கொடுத்தவருக்கு அது ரசீது, ஊரார் கண்ணில் பெருமை, கொடுக்காதவருக்கு அழைப்பு. பல மருத்துவமனைகளில் குறிப்பிட்ட தொகை கட்டியவர்கள் நிர்வாகக் கூட்டத்தில் வாக்களிக்கலாம், நோயாளிகளைச் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைச் சீட்டும் கொடுக்கலாம். ஆகவே அந்தப் பட்டியல் கொடுத்தவரின் உரிமைக்கும் சான்றாக இருந்தது.

தூரத்துப் பணிக்கு ஆதரவு திரட்டியவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும் போதவில்லை. இதற்குத் தமிழகத்தோடு தொடர்புடைய முன்னுதாரணம் உண்டு. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்து தொடங்கிய லுத்தரன் மறைப்பணிக்கு டென்மார்க் அரசர் ஆதரவளித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலும் லண்டனிலும் இருந்த ஆதரவாளர்களும் பணம் அனுப்பினார்கள். தரங்கம்பாடியை ஒருபோதும் பார்க்கப்போகாத அவர்களுக்காக, ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1710 முதல் அறிக்கைகளை அச்சிட்டார். மறைப்பணியாளர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அவற்றில் தொடர்ந்து வெளிவந்தன. லண்டன் கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்ப உதவியது. 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. கொடுத்த பணம் எங்கே போய் என்ன ஆயிற்று என்று கொடுத்தவருக்குத் தவறாமல் சொல்லும் வழக்கம் இத்தகைய அறிக்கைகளால் வேரூன்றியது.

பணம் கொடுக்காத ஆதரவாளர்

1787இல் லண்டனில் 12 பேர் கூடி அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க்சன் குதிரையில் ஊர் ஊராகச் சென்று சான்று திரட்டினார். போன இடங்களில் உள்ளூர்க் குழுக்களுக்கும் ஊக்கமளித்தார். சங்கம் சந்தாதாரர் பட்டியலை அச்சிட்டது. ஆனால் அதன் பலம் அந்தப் பட்டியலையும் தாண்டியிருந்தது. 1792இல் மட்டும் நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் போயின. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைச் சுமார் 3 லட்சம் பேர் கைவிட்டிருப்பதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். கையெழுத்திட்டவரும் சர்க்கரையை விட்டவரும் காசு கொடுக்காவிட்டாலும் இயக்கத்தைச் சேர்ந்தவர்களே. ஆதரவு என்பது நன்கொடையை விடப் பெரியது என்று அந்த இயக்கம் காட்டியது. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது.

நூறாண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவிலும் இதே உண்மை வெளிப்பட்டது. 1894இல் காந்தி நேட்டால் இந்தியர் காங்கிரசைத் தொடங்கியபோது மாதச் சந்தா குறைந்தது 5 ஷில்லிங். மாதாமாதம் வீடு வீடாகப் போய் வசூலிப்பது பெரும் தொல்லையாக இருந்ததால், குறைந்தது 3 பவுன் என்று ஆண்டுச் சந்தாவாக மாற்றினார்கள். கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு என்பதில் காந்தி மிகக் கண்டிப்பாக இருந்தார். கணக்கு சரியில்லாத பொது நிறுவனம் நிலைக்காது என்பது அவர் முடிவு.

ஆயினும் அந்தச் சந்தாப் பேரேட்டில் ஒப்பந்தக் கூலிகள் இல்லை. சந்தா கட்டும் வசதி அவர்களுக்கு இல்லை. அவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். முதலாளி அடித்துப் பல் உடைந்த நிலையில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி காந்தியிடம் வந்தார். அவரை அந்த முதலாளியிடமிருந்து காந்தி விடுவித்த செய்தி பரவிய பிறகே கூலிகள் அந்த இயக்கத்தை நெருங்கினர். பதிவேடு யாரைக் காட்டுகிறது என்பதைப் போலவே யாரைக் காட்டவில்லை என்பதும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையும் தகடும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிதி திரட்டல் ஒரு தொழிலாயிற்று. கிறித்தவ இளைஞர் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் சம்னர் வார்டும் லைமன் பியர்ஸும் 1905இல் வாஷிங்டனில் புதிய முறை ஒன்றைக் கையாண்டனர். குறுகிய காலக் கெடு, குறிப்பிட்ட இலக்கு, தலைவர்களின் கீழ்த் தொண்டர் அணிகள், கொடுக்கக்கூடியவர்களின் பெயர்கள் முன்கூட்டியே அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுதல், சேர்ந்த தொகையை ஊருக்குக் காட்டும் பெரிய கடிகாரம் என்பவை அதன் கூறுகள். ஒரு பெயருக்கு ஓர் அட்டை வைத்துக்கொண்டால் யாரை யார் பார்த்தார், என்ன பதில் வந்தது என்று எழுதிவைக்க முடிந்தது. 1917 ஜூனில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இதே முறையில் ஒரே வாரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது.

பெயர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் கையால் முகவரி எழுதுவது இயலாததாயிற்று. அயோவா மாநிலத்தில் ஜோசப் டங்கன் 1896இல் காப்புரிமை பெற்ற முகவரி அச்சு இயந்திரம் இதற்கு வழி செய்தது. பிற்காலத்தில் அதில் ஒவ்வொருவர் முகவரியும் ஓர் உலோகத் தகட்டில் பதிந்திருக்கும். தகட்டின் விளிம்பில் செருகும் சிறு அடையாளங்களைக் கொண்டு, வேண்டிய வகையினரின் முகவரியை மட்டும் அச்சிட்டு மற்றவற்றைத் தாண்டிச் செல்ல முடிந்தது. ஆதரவாளர்களை வகை பிரித்து வகைக்கொரு கடிதம் அனுப்பும் முறை இயந்திரத்துக்கு இப்படி வந்து சேர்ந்தது.

பெயரில்லாமல் வந்த பணமும் உண்டு. இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய அறக்கட்டளைக்காக, 1938இல் நகைச்சுவை நடிகர் எடி கேன்டர் வானொலியில் ஆளுக்கு ஒரு பத்து சென்ட் நாணயம் கேட்டார். வெள்ளை மாளிகைக்கு 26,80,000 நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. அத்தனை சிறு தொகைகளில் ஒவ்வொருவரையும் பின்தொடர்வது நடக்கிற காரியமில்லை. அறக்கட்டளை ஊர்தோறும் கிளை அமைத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே வேண்டுகோளோடு மக்களிடம் சென்றது. அந்தப் பணத்தில் நடந்த ஆய்வின் பயனாக 1955 ஏப்ரல் 12 அன்று அந்நோய்க்கான சால்க் தடுப்பூசியின் வெற்றி அறிவிக்கப்பட்டது.

பட்டியலைத் தர மறுத்த சங்கம்

உறுப்பினர் பட்டியல் பகைவர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை 1950களின் அலபாமா காட்டியது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. தன் மாநில உறுப்பினர்களின் பெயரையும் முகவரியையும் ஒப்படைக்க வேண்டும் என்று 1956இல் அங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் வெளியானால் வேலை போகும், வீடு தாக்கப்படும் என்ற நிலை. சங்கம் மற்ற ஆவணங்களைக் கொடுத்தது; உறுப்பினர் பட்டியலை மட்டும் தர மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1958 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கமாகச் சேரும் உரிமைக்கு, சேர்ந்தவர் பெயரை மறைத்துவைக்கும் உரிமையும் தேவை என்பது அதன் சாரம்.

மூன்று கேள்விகள்

1960களுக்குப் பிறகு தபால்வழி வேண்டுகோள் அமெரிக்காவில் பெருவழக்காயிற்று. 1963இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணும் கணினியும் இதை எளிதாக்கின. 1970இல் ஜான் கார்ட்னர் தொடங்கிய காமன் காஸ் என்ற குடிமக்கள் அமைப்பு தபால் வேண்டுகோள் வழியே சில மாதங்களில் ஒரு லட்சம் உறுப்பினர்களைச் சேர்த்தது.

தபாலில் பொருள் விற்ற நிறுவனங்களிடமிருந்து ஒரு கணக்கு முறையும் தொண்டு நிறுவனங்களுக்கு வந்தது. கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற மூன்று கேள்விகளே அது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் இட்டு, கூடுதல் மதிப்பெண் பெற்றவர்களுக்கு முதலில் எழுதுவார்கள். ஐந்தாண்டுக்கு முன் ஒரே தடவை ஆயிரம் கொடுத்தவரை விட, சென்ற மாதம் நூறு கொடுத்தவர் மறுபடி கொடுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அனுபவம் காட்டிய உண்மை. பதில் சீட்டில் ஒரு குறியீட்டை அச்சிட்டு, எந்தக் கடிதம் எவ்வளவு ஈட்டியது என்றும் பார்த்தார்கள். ஒரே வேண்டுகோளை இரண்டு விதமாக எழுதி, சிறு தொகுதிகளுக்கு அனுப்பிச் சோதித்து, நன்றாகப் பலித்ததை எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

இதே காலத்தில் பட்டியல் ஒரு சரக்காகவும் மாறியது. நிறுவனங்கள் தங்கள் பெயர்களை வாடகைக்குக் கொடுத்தன, ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டன. ஒரு முறை பயன்படுத்த வாங்கியவர் திருட்டுத்தனமாக மறுமுறை பயன்படுத்தினால் கண்டுபிடிக்க, பட்டியலுக்குள் போலிப் பெயர்கள் நுழைக்கப்பட்டன. தம் பெயர் கைமாறுவது அந்தப் பெயருக்குரியவர்களில் பலருக்குத் தெரியாது.

தரவுத்தளம்

1981இல் நியூயார்க்கில் தொடங்கிய பிளாக்பாட் நிறுவனம் முதலில் ஒரு பள்ளியின் கட்டணக் கணக்குக்கு மென்பொருள் எழுதியது. பின்னர் நன்கொடையாளர் பதிவுக்கான அதன் மென்பொருள் உலகெங்கும் பரவியது. அட்டையில் எழுதியதெல்லாம் திரைக்கு வந்தது. பணத்தோடு மற்ற தொடர்புகளும் ஓரிடத்தில் சேர்ந்தன.

இணையம் வந்தபின் சேகரிக்கக்கூடியவை பெருகின. மின்னஞ்சலைத் திறந்தாரா, எந்த இணைப்பைத் தட்டினார், மனுவில் கையெழுத்திட்டாரா, நிகழ்ச்சிக்குப் பதிவுசெய்துவிட்டு வந்தாரா, தொண்டராக எத்தனை மணிநேரம் உழைத்தார் என்பவற்றுக்கு மதிப்பெண் இட்டு, ஒவ்வொருவரின் ஈடுபாட்டையும் ஓர் எண்ணாக்குகிறார்கள். விலகிப்போகிறவரை முன்னதாக அறிவதும், மாதாந்தரக் கொடையாளர் ஆகக்கூடியவரைக் கண்டுகொள்வதும், பெருந்தொகை கேட்க ஏற்ற நேரத்தை அறிவதும் இதன் நோக்கங்கள். தேவையும் உண்மையானது: அமெரிக்காவில் ஓராண்டு கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள்.

எண்களை அப்படியே நம்புவதும் தவறு. மின்னஞ்சல் திறக்கப்பட்டதை அதற்குள் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய படம் தெரிவிக்கிறது. 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் இத்தகைய படங்களை முன்கூட்டியே இறக்கும் வசதியைத் தந்தது. படிக்காதவரும் படித்தவராகக் கணக்கில் ஏறினார். பணம் வந்தும் பெயர் வராமல் போவதும் உண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆளுக்கு 10 டாலராக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்தது. தொகையைத் தொலைபேசி நிறுவனங்கள் சேர்த்துக் கொடுத்தன. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அதோடு வருவதில்லை. 1938இன் நாணயங்களைப் போலவே, பெருங்கொடைக்குப் பின்னே பதிவேடு வெறுமையாக இருந்தது.

வரம்பு மீறியபோது

2015இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 92 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். தொண்டு நிறுவனங்களின் ஓயாத வேண்டுகோள்களே காரணம் என்ற பேச்சு எழுந்தது; குடும்பத்தார் அதை மறுத்தனர். எனினும் அதையொட்டி நடந்த விசாரணையில், 99 நிறுவனங்களிடம் அவர் விவரங்கள் இருந்ததும், 2014இல் மட்டும் அவருக்குச் சுமார் 466 கடிதங்கள் வந்ததும், அந்நிறுவனங்களில் பெரும்பாலானவை அவர் பெயரைப் பிறரிடமிருந்து பெற்றிருந்ததும் தெரியவந்தன. 2016இல் நிதி திரட்டலுக்கெனத் தனி ஒழுங்குமுறை அமைப்பு ஏற்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கு 25,000 பவுனும், பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்கு 18,000 பவுனும் அபராதம் விதிக்கப்பட்டன. நன்கொடையாளர்களின் செல்வநிலையை அவர்களுக்குத் தெரியாமல் ஆட்களை வைத்து ஆராய்ந்ததும், பெயர்களைப் பரிமாறிக்கொண்டதும் குற்றங்களில் அடங்கும். 2017இல் மேலும் 11 நிறுவனங்கள் தண்டம் கட்டின. வேண்டாத வேண்டுகோளை நிறுத்தச் சொல்ல ஒரு பொதுச் சேவையும் அவ்வாண்டே தொடங்கியது. 2018 மே 25 முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

2020இல் பிளாக்பாட் கணினிகளுக்குள் நுழைந்த திருடர்கள் 13,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் நிறுவனங்களின் தரவை எடுத்தனர். நிறுவனம் பணயத்தொகை கொடுத்தது. வங்கி விவரங்கள் போகவில்லை என்று முதலில் சொன்னது. சிலருடையவை போனதைப் பின்னர் ஒப்புக்கொண்டது. 2023இல் அமெரிக்க மாநிலங்களோடு 4.95 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. ஒரே இடத்தில் குவிந்த விவரம் ஒரே நாளில் பறிபோகும் என்பதை உலகம் கண்டது.

இந்தியாவில் நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள், 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடையாளரின் பெயர், அடையாள எண், தொகை ஆகியவற்றை ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கின்றன. 2023இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே சிறிய அறக்கட்டளைக்கும் பதிவேடு வைப்பது கடமை, அதைக் காப்பதும் கடமை.

இந்த மூன்று நூற்றாண்டுகளில் கருவிகள் பலமுறை மாறின. பதிவேட்டின் நியாயம் மாறவில்லை. கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லவும், அவரைப் பணியோடு நெருக்கமாக வைத்திருக்கவும் பயன்பட்ட வரை அது நிறுவனங்களை வளர்த்தது. அவரறியாமல் அவரை ஆராயவும் அவர் பெயரை விலைபேசவும் பயன்பட்டபோது நம்பிக்கையைக் கெடுத்தது. தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கொடையாளர் கேட்டால் கூசாமல் எடுத்துக் காட்டக்கூடிய பதிவேடே நல்ல பதிவேடு. ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தன் பதிவேட்டை அந்த அளவுகோலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.