காமிராவும் கன்னியாகுமரியும்

என் மனைவியின் தம்பி வருஷத்துக்கு ஒரு முறை, குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறவன். இந்தத் தடவை குலு, மணாலி என்று திட்டம். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தான்.

"அத்திம்பேர், போற இடத்தையெல்லாம் படம் எடுக்க ஒரு நல்ல வீடியோ காமிரா வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று என் மனைவி வீட்டாருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை வலியக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான். அதில் ஏழு காமிராக்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை புள்ளி, எத்தனை மடங்கு ஜூம், விநாடிக்கு எத்தனை படம் என்று எண்கள். வருஷத்தில் பத்து நாள் எடுத்து, பாக்கி நாளெல்லாம் பீரோவில் தூங்கப் போகிற சாமானுக்கு இத்தனை ஆராய்ச்சி! இவன் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

"இரண்டு நாள் அவகாசம் கொடு" என்று அனுப்பி வைத்தேன்.

அந்த இரண்டு நாளும் நான் புதுக் காமிராக்களை விட்டுவிட்டுப் பழைய காமிராக்களைப் பற்றிப் படித்தேன். இவன் கேட்ட கேள்வியை நூறு வருஷமாகக் குடும்பஸ்தர்கள் கேட்டு வருகிறார்கள். கேட்டு, வாங்கி, படமும் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது என்ன, அது பின்னால் என்ன ஆயிற்று என்று தெரிந்தால் நமக்கும் கொஞ்சம் புத்தி வரும் அல்லவா?

ஸினிமா பிறந்து ஏறக்குறைய முப்பது வருஷம் வரையில் அது வீட்டுக்குள் வரத் தயங்கிக்கொண்டே இருந்தது. முக்கியமான காரணம் நெருப்பு. அந்தக் கால பிலிம் நைட்ரேட் என்ற சரக்கினால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீர் விட்டும் அணையாது. அதை எந்த இல்லத்தரசி வீட்டில் சேர்ப்பாள்? எளிதில் தீப்பிடிக்காத பிலிமில், அகலத்தையும் குறைத்து, 1922-ஆம் வருஷக் கடைசியில் பிரான்ஸில் பாத்தே கம்பெனியார் 9.5 மில்லிமீட்டர் பிலிமைக் கொண்டு வந்தார்கள். 1923-இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியார் 16 மில்லிமீட்டர் பிலிமும், அதற்கென்று ஒரு காமிராவும் விற்பனைக்கு விட்டார்கள்.

அந்தக் காமிராவின் எடை ஏழு பவுண்டு. பக்கத்தில் ஒரு கைப்பிடி. விநாடிக்கு இரண்டு சுற்று என்ற கணக்குத் தப்பாமல் அதைச் சுழற்றவேண்டும். கை சுற்றிக்கொண்டிருக்கும்போது பெட்டி ஆடாமல் இருக்கவேண்டுமே, அதற்காக முக்காலி. படம் போட்டுக் காட்டும் இயந்திரம், திரை எல்லாம் சேர்த்து 335 டாலர். அதே காலத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய அந்த விலைக்கு ஒரு போர்டு மோட்டார் காரே கிடைத்தது. உல்லாசப் பிரயாணத்துக்குக் கார் வாங்குவதா, காரில்லாமலே போய் அதைப் படம் எடுத்து வருவதா என்று அந்த ஊர்ப் புருஷன் பெண்சாதிகள் வாதாடியிருப்பார்கள்.

நூறடிச் சுருள் ஒன்று நாலு நிமிஷம் ஓடும். இதை நம் பிள்ளையாண்டான்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஒரு வாரப் பிரயாணத்துக்கு இரண்டு சுருள் கொண்டு போனால் கையில் எட்டு நிமிஷம். மலையும் அதற்குள், மனைவியும் அதற்குள். இன்னொரு விஷயம்: காமிராவுக்குள் போன பிலிமையே கழுவித் திரையில் ஓடும் படமாக மாற்றிவிடுவார்கள். காசு மிச்சம், ஆனால் உலகத்தில் அதற்கு அந்த ஒரே பிரதிதான். கீறினாலும் தொலைந்தாலும் போனது போனதுதான்.

அப்படி அருமையாகக் கிடைத்த நிமிஷங்களில் ஜனங்கள் என்ன எடுத்தார்கள்? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் தெற்காசிய ஆராய்ச்சி மையத்தில், இந்தியாவில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் எடுத்த இத்தகைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ராஜாங்க சரித்திரம் எழுதுகிறவர்கள் அவற்றை இன்று உட்கார்ந்து பார்க்கிறார்கள். எடுத்தவர் தம் குழந்தை தவழ்வதை எடுத்தார். பார்க்கிறவரோ ஓரத்தில் நிற்கும் வேலைக்காரரின் தலைப்பாகையையும், பின்னால் போகும் மாட்டுவண்டியையும் பார்க்கிறார். படம் எடுத்த துரைக்கு இது தெரிந்தால் ஆச்சரியப்படுவார்.

அந்தக் காலத்து வீட்டுப் படங்களில் எல்லோரும் கையை ஆட்டுகிறார்கள். 'ஓடும் படம்' என்றால் ஏதாவது ஆடவேண்டாமா? பேசினால் கேட்காது. ஆகவே கையை ஆட்டுவதுதான் வழி.

1932-இல் 8 மில்லிமீட்டர் வந்தது. தந்திரம் சுலபமானது. பதினாறு மில்லிமீட்டர் பிலிமின் ஒரு பாதியில் படம் எடுத்து, சுருளைத் திருப்பிப் போட்டு மறு பாதியிலும் எடுத்து, கழுவும்போது நடுவில் நீளவாக்கில் கிழித்து ஒட்டிவிடுவார்கள். செலவு மளமளவென்று குறைந்தது. 1935-இல் கோடாக்ரோம் என்ற வர்ண பிலிம், புகைப்படக்காரருக்குக்கூட இல்லாமல், முதலில் வீட்டு ஸினிமாக்காரருக்குத்தான் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த மானஸ், கொடாவ்ஸ்கி இருவரும் சங்கீத வித்வான்கள். இருட்டில் வைத்திருந்தால் வெகு காலம் மங்காத வர்ணம் அது.

இப்படிச் சாதாரணக் குடும்பஸ்தர் கைக்கு வந்த பெட்டிகளில் ஒன்று சரித்திரத்திலேயே இடம் பிடித்துவிட்டது. டல்லாஸ் நகரத்தில் ஆபிரகாம் ஸப்ருடர் என்று ஒரு ஜவுளி வியாபாரி. 1963 நவம்பர் 22-ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி அந்த வழியே ஊர்வலம் வருகிறார். காலையில் வானம் மூடியிருந்ததால் மனிதர் காமிராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். காரியாலயத்துப் பெண்மணி வற்புறுத்தியதன் பேரில் திரும்பிப் போய் எடுத்து வந்தார். ஒரு கான்கிரீட் மேடைமேல் ஏறி நின்றார். அவருக்குத் தலைசுற்றல் உண்டாகையால் இன்னொரு பெண்மணி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் எடுத்தது 486 படங்கள், சுமார் 26 விநாடி. ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றது அதில் பதிவாகிவிட்டது. அதே சுருளின் ஆரம்பத்தில் அவர் வீட்டுக் குழந்தை இருக்கிறது!

அந்தப் படத்தில் சத்தம் மட்டும் இல்லை. குண்டுகள் எத்தனை, எந்தத் திக்கிலிருந்து வந்தன என்று அறுபது வருஷமாக வாதாடுகிறார்கள். சத்தமும் சேர்ந்திருந்தால் அந்த வாதத்தில் பாதியாவது மிஞ்சியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

சத்தம் வருவதற்குக் காலமாயிற்று. 1965-இல் வந்த சூப்பர் 8, பிலிமைக் கோக்கும் தொல்லையை ஒழித்துப் பெட்டியோடு செருகும்படி செய்தது. அதிலும் மூன்று நிமிஷம் இருபது விநாடிதான், ஊமைப் படந்தான். 1973-இல் பேசும் சூப்பர் 8 வந்தது. கொஞ்சம் பேர் வாங்கினார்கள். வீடுகளில் பரவலாகக் குரல் பதிவானது காந்த நாடா வந்த பிறகே. 1983-இல் ஸோனியின் பீட்டாமூவி, தோளில் தூக்குகிற கனம். எடுக்கத் தெரியும், எடுத்ததைக் காட்டத் தெரியாது. மறு வருஷமே ஜே.வி.ஸி. அந்தக் குறையை நீக்கியது. 1989-இல் பாஸ்போர்ட் அளவு என்று விளம்பரம் செய்து 790 கிராமில் ஒரு ஹாண்டிகாம். நாலு நிமிஷம் என்ற கட்டுப்பாடு போயிற்று. ஒரு காஸெட்டில் ஒன்றரை மணி.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று குறுக்கிடுகிறது.

1991 டிசம்பரில் மஸ்கட்டிலிருந்து வந்த என் சித்தப்பா அப்படி ஒரு காமிராவோடு வந்தார். எல்லோரும் கன்னியாகுமரிக்குப் போனோம். எனக்குப் பதினொரு வயசு. சித்தப்பா கடலை எடுத்தார். விவேகானந்தர் பாறையை எடுத்தார். சூரியன் முழுகுவதை முழுகி முடிகிற வரைக்கும் எடுத்தார். அப்பா பைகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நின்றார். ஏழு வருஷத்துக்கெல்லாம் அப்பா போய்விட்டார். காமிரா அதற்கும் முன்னாலேயே கெட்டுப்போயிற்று. காஸெட் மட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு அதை வெளியில் எடுத்தேன். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சக்காளான். போட்டுப் பார்க்க இயந்திரம் கிடையாது. முதலில் கொடுத்த கடையில் நாடாவை ஓரிடத்தில் அறுத்தே விட்டார்கள். பிறகு அகப்பட்ட ஒரு பெரியவர், பழைய இயந்திரம் ஒன்றைப் பிள்ளைபோல் காப்பாற்றி வைத்திருந்தவர், துடைத்துத் துடைத்து ஓட்டினார். தொண்ணூறு நிமிஷத்தில் 38 நிமிஷம் மீண்டது.

கடல் வந்தது. பாறை வந்தது. பக்கத்துப் பாறையில் வள்ளுவர் நிற்கவில்லை. அந்தச் சிலை திறந்தது 2000 ஜனவரி 1-ஆம் தேதி. அப்பாவின் முகம் ஓரிடத்தில் வந்தது, நாலு விநாடி. ஆனால் சூரியன் முழுகுகிற நேரமெல்லாம், படத்துக்கு வெளியே, வர்ண மணல் விற்கிற பையனிடம் அப்பா பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். "மூணு பொட்டலமா எடுத்துக்கறேன், அஞ்சு ரூபா வெச்சுக்கோ. குழந்தைக்குடா, கொடேன்" என்கிறார். காற்று பாதியை விழுங்குகிறது. அம்மா ஸோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடு" என்றாள். சூரியாஸ்தமனத்தை அன்று ஐந்து தடவை பார்த்தோம். ஒருவரும் சூரியனைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த சரித்திரம் அவசர சரித்திரம். 1995-இல் டிஜிட்டல் நாடா. பிரதி எடுத்தால் தரம் குறையாது என்பது அதன் பெருமை. பிறகு நாடாவே போயிற்று. பிளிப் என்று ஒரு சின்னப் பெட்டி அமெரிக்காவில் வந்தது. ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். எப்போதாவது எடுக்கிறவர்களுக்காகவே செய்தது. ஸிஸ்கோ கம்பெனி 2009-இல் 59 கோடி டாலருக்கு அதை வாங்கி, 2011-இல் இழுத்து மூடிவிட்டது. அதற்குள் செல்போனே படம் எடுக்க ஆரம்பித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மைத்துனன் வந்தான். இவ்வளவையும் சொன்னேன்.

"அதெல்லாம் சரி அத்திம்பேர், இந்த ஏழுல எது?" என்றான்.

"உன் செல்போன் எப்போது வாங்கியது?"

"போன வருஷம்."

"அதுவே போதும். தண்ணீரில் குதிக்கப் போகிறாயா? அப்படியானால் விளையாட்டுக்காரர்கள் கட்டிக்கொள்கிற சின்னக் காமிரா வாங்கு. தூரத்துப் பறவையை எடுக்கப் போகிறாயா? நல்ல ஜூம் உள்ளதாகப் பார். இரண்டும் இல்லையென்றால், சட்டையில் குத்திக்கொள்கிற மைக் ஒன்று வாங்கு. காற்றைத் தடுக்கிற ரோமக் குல்லாயோடு வாங்கு. மிச்சப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று உன் வீட்டில், ஒன்று எங்கள் வீட்டில்."

அவன் முகம் விழுந்துவிட்டது. ஒரு மாத ஆராய்ச்சியை இப்படிக் கவிழ்த்தால் யாருக்குத்தான் வருத்தம் இராது? கடைசியில் காகிதத்தில் மூன்றாவதாக இருந்த காமிராவை வாங்கிவிட்டான். ஆனால் மைக்கும் வாங்கினான். அந்த மட்டில் என் பேச்சுக்கு மரியாதை.

ஊரிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டு டெலிவிஷனில் போட்டுக் காட்டினான். பனிமலை உண்மையிலேயே அற்புதமாக இருந்தது. அது பாட்டுக்கு நிற்க, எங்கேயோ ஓரத்திலிருந்து என் மாமியார், "குழந்தைக்குக் குல்லாயை இழுத்து விடேன், காது தெரியறது பார்" என்று இரண்டு தடவை சொன்னது கணீரென்று கேட்டது.

"இந்தச் சத்தத்தை எடுத்துட்டு ஒரு பாட்டுப் போடப் போறேன்" என்றான்.

வேண்டாம் என்றேன்.