யார் விழுந்தது?

ஊரில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த வாத்தியார் இலையுதிர்காலத்துக்கு 'ஓட்டம்' என்றுதான் சொல்லித் தந்தார். நாங்களும் அப்படியே பாடமாக்கினோம். பிறகு ஓடினோம், அது வேறு கதை. கனடா வந்த முதல் வருடம் வேலைத்தலத்தில் ஒருவர், "ஃபோல் வந்தால் இங்கே வேலை குறைந்துவிடும்" என்றார். யார் விழப்போகிறார்கள், எங்கேயிருந்து விழப்போகிறார்கள் என்று முழித்துக்கொண்டு நின்றேன். விழப்போவது மரத்து இலைதான் என்று விளங்க இரண்டு கிழமை ஆனது.

இந்தச் சொல்லை அமெரிக்கர்கள் உண்டாக்கினார்கள் என்று கனகாலம் நினைத்திருந்தேன். அது பிழை. பழைய ஆங்கிலத்தில் அறுவடைக்குரிய 'ஹார்வெஸ்ட்' என்ற சொல்லே அந்தப் பருவத்துக்கும் பெயர். அதன் உறவுச் சொல்லான 'ஹேர்ப்ஸ்ற்' ஜேர்மன் மொழியில் இன்றும் இலையுதிர்காலத்தைத்தான் குறிக்கிறது. 'ஓட்டம்' இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'இலை விழும் காலம்' என்ற பொருளில் ஒரு வழக்கு இருந்தது. ரோஜர் அஸ்காம் 1545 இல் வில்வித்தை பற்றி எழுதிய நூலில் அது இருக்கிறது. அதுவே சுருங்கி ஃபோல் ஆனது. 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறியவர்கள் அதைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் அது மெல்ல மறைந்துபோக, இங்கே நிலைத்தது. ஊர் கைவிட்ட சொல்லைப் புலம்பெயர்ந்தவன் பொத்திவைத்திருப்பது எங்களுக்குப் புதினமில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் செய்யாத வேலை இல்லை. இரவு விழும், விலை விழும், நத்தார் ஞாயிற்றுக்கிழமையில் விழும். நித்திரையிலும் விழலாம், நோயிலும் விழலாம். ஏவாளும் ஆதாமும் பழம் தின்றதும் ஒரு விழுகைதான். காதலில் விழுவதை நாங்கள் இரவல் வாங்கிவிட்டோம் என்று சிலர் குறைப்படுவார்கள். ஆனால் பழந்தமிழில் 'வீழ்தல்' என்றால் விரும்புதல் என்றும் பொருள். திருக்குறளின் காமத்துப்பாலில் அந்தப் பொருளில் வருகிறது.

இதெல்லாம் சுவையான சங்கதிகள். எனக்கு உறுத்தியது வேறொன்று.

1995 டிசம்பரில் இங்கே ஆங்கிலப் பத்திரிகைகளில் யாழ்ப்பாணம் 'விழுந்தது' என்று வாசித்தேன். அதே ஃபோல். வெளியே கடைசி இலைகளும் கொட்டி முடிந்திருந்தன. இலை தானாக விழும், அதை யாரும் தள்ளுவதில்லை. பட்டினமும் அப்படியா விழுந்தது?

தமிழில் 'விழு' என்றால் தானாக நடப்பது, 'வீழ்த்து' என்றால் ஒருவன் செய்வது. ஆங்கிலத்திலும் 'ஃபோல்' என்பதற்கு அப்படி ஒரு சோடி உண்டு, 'ஃபெல்'. இன்று பெரும்பாலும் மரம் தறிக்கிற இடத்தில்தான் அது வரும். பட்டினத்துக்கு அதை யாரும் போடுவதில்லை. பட்டினம் சும்மா விழுந்துவிடும், விழுத்தியவன் வசனத்திலேயே இருக்கமாட்டான்.

வரலாறு முழுக்க இப்படித்தான். 1453 இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் விழுந்தது என்று ஐரோப்பியர் எழுதுவார்கள். துருக்கியருக்கு அது வெற்றி. 1975 ஏப்ரல் 30 இல் சைகோன் விழுந்தது என்று ஆங்கிலத்தில் படிக்கிறோம். வியட்நாம் அரசுக்கு அது விடுதலை நாள். அங்கிருந்து படகேறி வந்தவர்களுக்குக் கறுப்பு ஏப்ரல். ஒரே நாளுக்கு மூன்று பெயர்கள்.

யாழ்ப்பாணமும் ஒருமுறை மட்டும் விழுந்ததல்ல. 1619 இல் போர்த்துக்கீசரிடம், 1658 இல் ஒல்லாந்தரிடம், 1795 இல் ஆங்கிலேயரிடம். 1658 இல் விழுந்தது உண்மையில் போர்த்துக்கீசரின் கோட்டை. அதற்கு வெளியே இருந்த சனத்துக்கு எசமான் மாறினான், அவ்வளவுதான்.

1995 இல் அரசாங்கம் 'மீட்டோம்' என்றது, டிசம்பர் 5 அன்று கொடியேற்றியது. பத்திரிகைகள் 'விழுந்தது' என்றன. ஆனால் அங்கே இருந்த எங்கள் சனம் இந்த இரண்டு சொல்லையும் எடுக்கவில்லை. இன்றுவரை அதற்கு எங்களிடம் ஒரே பெயர்தான்: 'இடப்பெயர்வு'. கொடியேறுவதற்கு ஐந்து கிழமைக்கு முன்னர், ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ளே லட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த நடைதான் அவர்களுக்கு வரலாறு. கொடி ஏறிய பட்டினத்தில் விழுவதற்குச் சனமே இல்லை.

இந்தச் சொல்லிலும் துரத்தியவன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் அதற்குள் மனிதர் இருக்கிறார்கள். 'விழுந்தது' என்பதற்குள் கல்லும் மண்ணும்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகள் ஒரு நாள் இதைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதுவார்கள். எழுதட்டும். ஃபோல் என்று எழுத வரும்போது, விழுத்தியது யார், நடந்தது யார் என்று இரண்டு வசனம் கூடுதலாக எழுதினால் போதும்.