எந்த அறையில் இருக்கிறார்?

பெரிய காரியாலயங்களில் ஆளைத் தேடுவது தனி உத்தியோகம். டெலிபோன் மணி அடிக்கும். வேண்டப்பட்டவர் தம் இடத்தில் இருக்கமாட்டார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தார் இந்தத் தொல்லைக்கு ஒரு பரிகாரம் கண்டு, 1992-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை அது. 15 விநாடிக்கு ஒரு தரம், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் தன் எண்ணைச் சொல்லும். அந்த ஒளி சுவரைத் தாண்டாது. ஆகவே எந்த அறையில் உள்ள கருவி அதை வாங்கிக்கொள்கிறதோ, ஆசாமி அந்த அறையில்தான். வில்லையைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டால், இருட்டில் அதுவும் பேச்சைக் குறைத்துக்கொள்ளும்! இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறைதோறும் கருவி பதிப்பது செலவு பிடித்த காரியம். அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பாரம்வீர் பால், வேங்கட பத்மநாபன் இருவரும் வேறு விதமாக யோசித்தார்கள். கம்ப்யூட்டர்களுக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பியில்லா நிலையங்களையே ஒற்றர்களாக்கினால் என்ன? ஐம்பதுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட ஒரு மாடியில் மூன்றே நிலையங்கள். கையில் கம்ப்யூட்டருடன் 70 இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசைகளிலும் திரும்பி, அதன் அலை மூன்று நிலையங்களுக்கும் எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். திசை எதற்கு என்றால், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; அது அலையை விழுங்கிவிடும். முகம் காட்டி நின்றால் ஒரு கணக்கு, முதுகு காட்டி நின்றால் வேறு கணக்கு.

அதன் பிறகு வேலை சுலபம். புதிதாக வரும் கணக்குக்கு மிக நெருங்கிய வரியைப் பட்டியலில் தேடவேண்டியதுதான். பாதிக்குப் பாதி தடவை, பிசகு சுமார் 3 மீட்டருக்குள் அடங்கியது. அலை எந்த நிலையத்தில் பலமாகக் கேட்கிறதோ அதன் அருகில்தான் ஆள் என்று வெறுமனே அனுமானித்தால், அதே அளவுகோலில் பிசகு 8 மீட்டர். 2000-ல் வெளியான இந்த முறைக்கு 'ராடார்' என்று பெயர் வைத்தார்கள். யுத்த வாசனை அடிக்கிறது. பொருத்தமில்லை என்று சொல்வதற்குமில்லை.

வில்லை அணிந்தவனுக்குத் தான் அணிந்திருப்பது தெரியும். சட்டைப் பையில் உள்ள கைப்பேசியோ வைஃபை நிலையத்தைத் தேடித் தானாகவே குரல் கொடுக்கிறது. லண்டன் பாதாள ரயில் நிர்வாகத்தார் 2016 நவம்பர் 21 முதல் டிசம்பர் 19 வரை 54 நிலையங்களில் அந்தக் குரல்களைச் சேகரித்தார்கள். எண்களை உருத்தெரியாமல் மாற்றியே பதிந்தார்கள். விருப்பமில்லாதவர்கள் வைஃபையை அணைத்துவிடலாம் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். அறிவிப்பை எத்தனை பேர் நின்று படித்தார்களோ! 56 லட்சம் கைப்பேசிகள் கணக்கில் வந்தன. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு ஜனங்கள் 18 வெவ்வேறு வழிகளில் போவது அப்போது தெரியவந்தது.