முகம் மாறும் ஒற்றர்கள்

எங்கள் வீட்டில் ஜேம்ஸ் பாண்ட் என்றால் ஜெய்சங்கர்தான். அப்பா கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. 'சி.ஐ.டி. சங்கர்' பார்த்தபோது துணிக்குப் பின்பக்கம் உட்கார இடம் கிடைத்ததால் ஜெய்சங்கர் இடது கையால் சுட்டதாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். பிற்பாடு ஷான் கானரியைப் பார்த்தபோது, "இந்த ஆளு நம்ம ஜெய்சங்கர் மாதிரியே செய்றாரே" என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

போன மாதம் எஸ்எஸ்15 மாமாக் கடையில் வேலை முடிந்து உட்கார்ந்திருந்தோம். பேச்சு அடுத்த பாண்ட் யார் என்பதில் வந்து நின்றது. டேனியல் கிரெய்க் 2021-இல் 'நோ டைம் டு டை'யோடு விடைபெற்றார். 2025 பிப்ரவரியில் தொடரின் படைப்பு அதிகாரம் அமேசான் கைக்குப் போனது, அந்த வருடமே டெனி வில்நெவ் இயக்குநர் என்று அறிவித்தார்கள். நடிகர் யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னோம். என்னுடன் வேலை செய்யும் மலாய் நண்பர் மட்டும் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "எங்ககிட்டயும் ஒருத்தர் இருந்தார், ஜெஃப்ரி ஜைன். அவருக்கு அடுத்த ஆளே வரலையே?" என்றார். அந்தக் கேள்விதான் வீடு வரை கூடவே வந்தது. பாண்டுக்கு அடுத்த ஆள் வந்துகொண்டே இருக்கிறார். ஜெஃப்ரி ஜைனுக்கும் சி.ஐ.டி. சங்கருக்கும் ஏன் வரவில்லை?

முதலில் ஜெஃப்ரி ஜைன். 1966-இல் ஜமீல் சூலோங் இயக்கத்தில் 'கெராக் கிலாட்' வந்தது. தயாரித்தது ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த அந்த ஸ்டூடியோவில் ஒரு காலத்தில் எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்ற தமிழர்கள் மலாய்ப் படங்களை இயக்கியிருக்கிறார்கள். 1950-இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் கிருஷ்ணன்தான். ஜெஃப்ரி ஜைனாக நடித்தவர் தைப்பிங்கில் பிறந்த ஜின்ஸ் சம்சுடின். கோட்டு, கைத்துப்பாக்கி, பெண்கள், ரகசியக் கும்பல், எல்லாம் உண்டு. 'பயாங்கான் அஜால்', 'ஜுராங் பஹாயா' என்று தொடர்ந்தது. ஆனால் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ 1967-இல் மூடப்பட்டது. ஜின்ஸ் பின்னாளில் 'புக்கிட் கெப்போங்' போன்ற படங்களை இயக்கி, செனட்டராகி, 2017-இல் மறைந்தார். ஜெஃப்ரி ஜைன் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். நாற்காலியைத் தூக்கி அடுத்தவருக்குப் போடுவதற்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீடே இல்லை.

பாண்டுக்கு வீடு இருந்தது. ஆல்பர்ட் ப்ரோக்கலி, ஹேரி சால்ட்ஸ்மன் இருவரின் இயோன் நிறுவனம். 1962-இல் 'டாக்டர் நோ'வில் ஆரம்பித்து 1967-க்குள் ஐந்து படங்களில் நடித்த கானரி, போதும் என்று கிளம்பினார். இன்றைக்கு நமக்கு இது சாதாரண விஷயம். அன்றைக்கு அப்படியில்லை. பாண்ட் என்றால் கானரி. அவர் போனால் படமும் போகும் என்பதுதான் பொதுப்புத்தி.

அவர்கள் கண்டுபிடித்த ஆள் ஜார்ஜ் லேசன்பி. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு வந்த விளம்பர மாடல். நடிப்பு அனுபவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கானரியின் முடிதிருத்துநரிடம் போய் அதே மாதிரி முடி வெட்டிக்கொண்டு, கானரி தைத்த கடையிலேயே ஒரு சூட்டையும் பிடித்துக்கொண்டு தயாரிப்பாளர் முன் போய் நின்றார். ஒத்திகைச் சண்டையில் எதிரே இருந்தவரின் மூக்கை நிஜமாகவே உடைத்துவிட்டார், அதுவே அவருக்குச் சாதகமாகவும் போனது. 1969-இல் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போக, அவள் காரில் ஏறிப் பறந்துவிடுகிறாள். லேசன்பி கேமரா பக்கம் திரும்பி, முந்தைய ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததே இல்லை என்கிற மாதிரி ஒரு வசனம் பேசுவார். மாற்றத்தை மறைக்காமல் முகத்துக்கு நேராகச் சொன்ன இடம் அது. எனக்கு ரொம்பப் பிடித்த பாண்ட் நொடியும் அதுதான்.

அவர் அந்த ஒரு படத்தோடு விலகிவிட்டார். இது ஹிப்பி காலம், பாண்டுக்கு இனி மதிப்பில்லை என்று அவருடைய ஆலோசகர் சொன்னதை நம்பினார். எங்கள் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன்: நல்ல வேலையை 'இந்த டெக்னாலஜி செத்துப் போச்சு' என்று விட்டுவிட்டுப் போனவர்கள். செத்ததாகச் சொன்ன மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யமே. 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்துக்கு ஜான் கேவின் என்ற அமெரிக்க நடிகரை ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் கதாநாயகியின் காதலனாக வருவாரே, அவர்தான். கடைசி நேரத்தில் 12.5 லட்சம் டாலர் கொடுத்து கானரியையே திரும்பக் கூட்டிவந்தார்கள். கானரி அந்தப் பணத்தை ஸ்காட்லாந்தில் ஒரு கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தார். கேவினுக்கு ஒப்பந்தப் பணம் மட்டும் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் மெக்சிகோவுக்கு அமெரிக்கத் தூதராகவே போனார். ஒற்றன் வேஷம் கிடைக்காதவருக்கு அரசாங்க வேலை!

இந்தக் கேவின் 1968-இல் இன்னொரு ஒற்றனாக நடித்திருந்தார்: ஓ.எஸ்.எஸ். 117. பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் ப்ரூஸ் 1949-இல் உருவாக்கிய பாத்திரம். அதாவது இயான் ஃப்ளெமிங்கின் முதல் பாண்ட் நாவலான 'கேசினோ ராயல்' (1953) வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே. திரையில் 117-ஆகக் கெர்வின் மேத்யூஸ் வந்தார், அடுத்து ஃப்ரெடரிக் ஸ்டாஃபோர்ட், அடுத்து கேவின். ஆளை மாற்றுவதில் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டை முந்திக்கொண்டார்கள்.

நமக்கு இதில் என்ன? மேத்யூஸ் நடித்த 1964-ஆம் ஆண்டின் 117 படத்தைத்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் 'வல்லவன் ஒருவன்' என்று தமிழில் எடுத்தது. இயக்கம் ஆர். சுந்தரம், நாயகன் ஜெய்சங்கர். முந்தைய ஆண்டுதான் 'இரவும் பகலும்' மூலம் அறிமுகமாகியிருந்தார். அப்படிப் பார்த்தால் ஜெய்சங்கரும் ஒரு மாற்று நடிகர்தான். பாங்காக்கில் அலைந்த 117-இன் வேஷத்தைப் போட்டுக்கொண்ட தமிழ் முகம். 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தபோது அவருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பட்டம் ஒட்டிக்கொண்டது யார் மேல் என்று பாருங்கள். சங்கர் என்ற பாத்திரத்தின் மேல் இல்லை, ஜெய்சங்கர் என்ற மனிதரின் மேல். அங்கே பாண்ட் ஒரு பதவி, ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம். இங்கே பாண்ட் ஒரு அடைமொழி, ஆளோடு வரும், ஆளோடு போகும். எம்.ஜி.ஆருக்கு 1968-இல் பந்துலுவின் 'ரகசிய போலீஸ் 115' இருந்தது. எண் வரை இருந்தது! ஆனால் 115-ஐ இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா? அது எம்.ஜி.ஆர். படம். நாம் அப்படித்தான் சொல்கிறோம்: எம்.ஜி.ஆர். படம், சிவாஜி படம், ரஜினி படம்.

கமலின் 'விக்ரம்' (1986) இதற்கு உச்சம். சுஜாதா கதை, குமுதத்தில் தொடராக வந்தது, இயக்கம் ராஜசேகர். அக்னிபுத்திரா என்ற ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு. ஒரு தொடருக்கான எல்லாமே அதில் உண்டு. ஆனால் ஏஜென்ட் விக்ரம் 36 வருடம் காணாமல் போய், 2022-இல் லோகேஷ் கனகராஜ் படத்தில் திரும்பி வந்தபோது தாடி நரைத்த அதே கமலாகத்தான் வந்தார். இடையில் பாண்டில் டால்டன், ப்ராஸ்னன், கிரெய்க் என்று மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். நாங்கள் கோலாலம்பூர் தியேட்டரில் விசிலடித்தோம், பொய் சொல்ல மாட்டேன்.

தமிழனுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது, ஒரே முகத்தைத்தான் கும்பிடுவான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சினிமாவுக்கு முன்னால் இருந்த பாய்ஸ் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். அங்கே ராஜபார்ட் யாருடைய சொத்தும் இல்லை. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததா, வேஷம் அடுத்த பையனுக்கு. கோவலன் இருப்பான், கோவலனாக நடிப்பவன் மாறுவான். ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தார்கள். வாத்தியாரும் பாடமும் இருந்தால் போதும், கோவலன் சாகமாட்டான்.

ஃபிலிம் வந்தபிறகுதான் முகம் உறைந்து போனது என்று நினைக்கிறேன். நாடகத்தில் நேற்றைய கோவலன் நினைவில் மட்டும் இருப்பான். சினிமாவில் நேற்றைய சங்கர் அப்படியே, வயசாகாமல், திடலில் மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருப்பார். புது ஆள் போட்டியிட வேண்டியது அவரோடு.

ஆனால் ஒரு முறை யாருக்கும் வலிக்காமல் இங்கேயும் ஆள் மாறியிருக்கிறது. சுஜாதாவின் வக்கீல் கணேஷ். 1977-இல் 'காயத்ரி'யில் கணேஷாக வந்தவர் ஜெய்சங்கர். அதே படத்தில் வில்லன் ரஜினி. மறு ஆண்டே சிங்கப்பூரில் படமாக்கிய 'ப்ரியா'வில் கணேஷ் யார் தெரியுமா? ரஜினி! முந்தைய படத்து வில்லன் அடுத்த படத்தில் துப்பறிகிறவராகிவிட்டார். யாரும் கலவரம் செய்யவில்லை. கணேஷ் வாசகர்கள் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். தொடர் என்று யாரும் நினைக்காததால் அது மாற்றமாகவே தெரியவில்லை போல. 1980-இல் 'முரட்டுக்காளை' வந்தபோது ரஜினி நாயகன், ஜெய்சங்கர் வில்லன். அப்பா அந்தப் படத்தை இன்றுவரை முழுசாகப் பார்த்ததில்லை.

அதே 1980-இல்தான் 'பில்லா'. அமிதாப்பின் 'டான்' (1978) தமிழுக்கு வந்தது. பில்லா ஒற்றன் இல்லை, கடத்தல்காரன். ஆனால் கதை ஒற்றன் கதைதான்: பில்லா சாகிறான், டி.எஸ்.பி. அதை மறைத்து, அதே சாடை உள்ள ஒரு அப்பாவியைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து கும்பலுக்குள் அனுப்புகிறார். நடை இப்படி, பார்வை இப்படி, சிகரெட் பிடிப்பது இப்படி. யோசித்துப் பார்த்தால் லேசன்பி முடிவெட்டப் போன கதை இதுதான். அந்த டி.எஸ்.பி. வேஷத்தில் நடித்த கே. பாலாஜிதான் படத்தின் தயாரிப்பாளரும்கூட. தயாரிப்பாளரே மாற்று நடிகரைத் தேடிப் பிடித்துத் தயார் செய்கிறார்!

2007-இல் விஷ்ணுவர்தன் அதை அஜித்தை வைத்து மறுபடி எடுத்தபோது பில்லா எங்கள் ஊருக்கு வந்தான். கோலாலம்பூர்தான் கதைக்களம். 'சேவல் கொடி' பாட்டைப் பத்துமலையில், 2006 ஜனவரியில் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு முன்னால் எடுத்தார்கள். எனக்குப் பத்து வயது. நாங்கள் தைப்பூசத்துக்கு வியர்த்து ஏறும் இடத்தில் அஜித் நிற்கிறார்! படம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா சொன்னார், "நல்லாதான் இருக்கு. ஆனா பில்லான்னா ரஜினி." நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பில்லா என்றால் அஜித். ரஜினியின் பில்லாவை நான் பிறகுதான் பார்த்தேன், ஏதோ அஜித்தைப் பார்த்துச் செய்தமாதிரி இருந்தது. அப்பா கானரியைப் பார்த்தபோது நடந்ததேதான்.

அதற்கு முந்தைய வருடம் ஷாருக் கானின் 'டான்'னும் இங்கேதான் படமாக்கப்பட்டது. அதன் முடிவு மட்டும் வேறு: டான் சாகவே இல்லை, மாற்று ஆளாக நடித்ததே அவன்தான். நாற்காலியை விடமாட்டேன் என்கிற முடிவு. 2023 ஆகஸ்டில் மூன்றாவது படத்துக்கு ரன்வீர் சிங் என்று அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் என்ன. ஆனால் ஷாருக்கே அமிதாப்பின் இடத்தில் வந்தவர்தானே என்று யாரோ கேட்டதற்குச் சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

கானரியும் கோலாலம்பூருக்கு வந்திருக்கிறார். 1999-இல் வெளியான 'என்ட்ராப்மென்ட்'டில் வயதான திருடனாக, இரட்டைக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டு. கோபுரத்துக்குப் பக்கத்திலேயே மலாக்கா ஆற்றங்கரைக் குடிசைகளை ஒட்டிக் காட்டிவிட்டார்கள் என்று பிரதமர் மகாதீர் கோபப்பட்டார்.

பாண்டில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி வேறு. லேசன்பியின் படக் கடைசியில் பாண்ட் மணந்த டிரேசி சுடப்பட்டுச் சாகிறாள். 1981-இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' ஒரு கல்லறையில் தொடங்கும். ரோஜர் மூர் பூவோடு வந்து நிற்பார். கல்லில் டிரேசியின் பெயர், 1969. மூர் அவளை மணக்கவில்லை, அவளோடு ஒரு காட்சியில்கூட நடித்ததில்லை. இன்னொருவர் விட்டுப்போன துக்கத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறார், நமக்கும் அது பொய்யாகத் தெரிவதில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி, இன்றைக்கு 'சி.ஐ.டி. சங்கர்' எடுத்தால் யாரைப் போடலாம் என்று கேட்டேன். "யாரையும் போட வேணாம். அப்படியே விட்டுடணும்" என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார். இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு இளம் நடிகரின் போட்டோ வந்தது. கீழே, "இவனுக்குத் தொப்பி சரியா இருக்குமா பாரு."